ரியூடர் கால வரலாறும் ஒரு பகுதிநேர மாணவியும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி இலண்டனில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் தொலைபேசியில் கேட்டது, "உங்கடை படிப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கோ" என்பதுதான். பேச்சுப் போட்டியில் ஒருமுறைகூடப் பரிசு வாங்காதவள் நான். மேடையில் ஏறினால் முழங்கால் நடுங்கும். ஆகவே எழுதி வைத்துத்தான் வாசிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1992ஆம் ஆண்டு உயர்தரக் கலைப்பிரிவு மாணவி. அந்த வருடங்களை இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அறிவீர்கள். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்திய சிக்கன விளக்கில்தான் படிப்பு. கொப்பி வாங்குவதே பெரும்பாடு. ஐரோப்பிய வரலாற்றுக்கு எங்கள் வகுப்பில் ஒரேயொரு புத்தகம் இருந்தது. அதுவும் ரீச்சருடையது. பதினாலு பேரும் முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரதி எடுத்தோம். எனக்கு விழுந்தது மதச் சீர்திருத்த அத்தியாயம். எட்டாம் ஹென்றி, ஆன் பொலின், தோமஸ் குரொம்வெல் எல்லோரும் என்னுடைய கையெழுத்தில் அந்த வகுப்பு முழுவதும் சுற்றினார்கள்.

அந்த அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. 1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்தின் துறவியர் மடங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன என்று. நான் ரீச்சரிடம் கேட்டேன்: "அங்கையிருந்த ஆக்கள் எங்கை போனவை, ரீச்சர்?" அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "புத்தகத்திலை இல்லை, பிள்ளை. நீர் பெரிய ஆளாய் வந்து தேடிப் பாரும்" என்றார்.

அந்தக் கேள்வியோடு நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி, ஊர் முழுவதும் ஒரே இரவில் நடந்து வெளியேறியபோது என் படிப்பும் அந்தத் தெருவில் நின்றுவிட்டது. அம்மா ஒரு பையை மட்டும் விடாமல் தூக்கி வந்தார். அதற்குள் காணி உறுதி, எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், என்னுடைய பெறுபேற்றுப் பத்திரம், ஒரு பழைய அல்பம். என் வரலாற்றுக் கொப்பிகள் மேசையிலேயே இருந்துவிட்டன.

1998இல் திருமணமாகி இங்கே வந்தேன். ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் சம்பளப் பிரிவில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 2006இல், திறந்த பல்கலைக்கழகத்தில் இரவுநேரப் படிப்பாகச் சேர்ந்து ஆறு வருடத்தில் பட்டம் எடுத்தேன். 2016இல், என் நாற்பத்து மூன்றாவது வயதில், ரியூடர் காலம் பற்றிப் பகுதிநேரமாக ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்தேன். 2024இல் வாய்மொழிப் பரீட்சை முடிந்தது. எட்டு வருடம். அதில் ஒரு வருடம் அம்மாவைப் பராமரிப்பதற்காக இடைநிறுத்தம்.

நான் பதிந்த செய்தி ஒரு கலியாண வீட்டில் பரவியபோது என் பெரியம்மா கேட்டார்: "வெள்ளைக்காரன்ரை ராசாவைப் பற்றிப் படிச்சு உனக்கு என்ன பிள்ளை வரப்போகுது? எங்கடை சரித்திரத்தை ஆர் எழுதுறது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி எட்டு வருடமும் என் பக்கத்திலேயே இருந்தது. இன்றைய பேச்சு அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். பெரியம்மா இப்போது இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ரியூடர் காலம் என்றால் என்ன என்று இளைய தங்கைமாருக்காக இரண்டு வரி. 1485இல் பொஸ்வேர்த் போரில் வென்று ஏழாம் ஹென்றி முடிசூடியது முதல், 1603 மார்ச் 24ஆம் திகதி முதலாம் எலிசபெத் இறந்தது வரை உள்ள 118 வருடங்கள். இடையில் எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வேர்ட், சில நாள் மட்டும் ஜேன் கிரே, முதலாம் மேரி. தொலைக்காட்சியில் பார்ப்பதெல்லாம் அரசரும் ஆறு மனைவியரும்தான். நான் தேடிப்போனது அவர்களை அல்ல. ரீச்சரிடம் கேட்ட அந்த மடத்துப் பெண்களை.

ஆய்வுக்கு ஹம்ஷயர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே வின்செஸ்ரர் நகரத்தில் சென் மேரி என்ற பழைமையான கன்னியர் மடம் இருந்தது. 1536இல் வந்த சட்டத்தின்படி, ஆண்டு வருமானம் 200 பவுணுக்குக் குறைந்த மடங்களை மூடலாம். சென் மேரியின் வருமானம் அதற்குக் கீழே. ஆகவே அரசரின் ஆணையாளர்கள் வந்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. துறவியர் 26, குருமார் 5, துறவுப் பொறுப்பு முழுமையாக ஏற்காத சகோதரிகள் 13, வேலைக்காரப் பெண்கள் 9, அலுவலரும் ஏவலாளரும் 20, மடத்தின் செலவில் தங்கியிருந்த முதியோர் 3. கடைசியாக 26 பிள்ளைகள். மொத்தம் 102 பேர்.

இந்த 26 பிள்ளைகளும் பிரபுக்களினதும் கனவான்களினதும் மகள்மார். எழுத வாசிக்க, பிரார்த்தனை செய்ய, பெரியோர் முன் எப்படி நடப்பது என்று கற்க அங்கே விடப்பட்டவர்கள். எங்கள் மொழியில் சொன்னால் விடுதிப் பிள்ளைகள். ஆணையாளர்கள் அவர்களின் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியலை முதன்முதலாக வாசித்த அன்று, எங்கள் விடுதி மண்டபத்து இரவுணவு நேரம் நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளர் மிஸ் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது காதில் கேட்டது.

அதில் ஒரு பெயர் பிரிட்ஜெற் பிளன்ராஜினெற். அவளுடைய தந்தை லைல் பிரபு, நான்காம் எட்வேர்ட் மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். அந்த நாட்களில் கலே துறைமுகத்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்தார். பிரிட்ஜெற் பற்றி மடத்தின் தலைவி எலிசபெத் ஷெல்லி, அவளுடைய சிற்றன்னைக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. பெரிய இராசதந்திரம் ஒன்றும் அதில் இல்லை. பிள்ளைக்கு உடுப்பு இல்லை என்கிறார். கடைசியாக நீங்கள் அனுப்பிய ஒரு கவுணைத் தவிர முழுசாக ஒன்றும் இல்லை, கழுத்துக்குப் போடும் துணி நல்லதாக இல்லை, தலைக்குக் கட்டுவது ஒன்றே ஒன்றுதான் என்று வரிசையாகச் சொல்கிறார். விடுதிப் பொறுப்பாசிரியை பெற்றோருக்கு எழுதும் கடிதம் எந்த நாட்டிலும் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும் போலும்.

இந்தக் கடிதம் எப்படித் தப்பியது? 1540இல் லைல் பிரபு இராசத்துரோகச் சந்தேகத்தில் கைதானார். வீட்டிலிருந்த கடிதங்கள் எல்லாவற்றையும் அரச ஆட்கள் கட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். அவரை இலண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். 1542இல், விடுதலைச் செய்தி வந்த கையோடு, அவர் இறந்துபோனார். கடிதங்கள் மட்டும் அரசாங்கத்தின் கையிலேயே கிடந்தன. ஏறத்தாழ மூவாயிரம். கணக்குத் தீர்ந்த பிறகு குடும்பத்திடம் திரும்பிப் போயிருந்தால், யாராவது அடுப்புக்குப் போட்டிருப்பார்கள். பறிக்கப்பட்டதால் மிஞ்சின. அதேபோல, மூட வந்தவர்கள் எண்ணியதால்தான் அந்த 26 பிள்ளைகளின் பெயர்களும் மிஞ்சின.

அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர் மியூரியல் சென் கிளெயர் பேர்ண் என்ற பெண்மணி. 1930களில் தொடங்கினார். வேறு பல வேலைகளுக்கு இடையில் ஏறத்தாழ ஐம்பது வருடம் உழைத்தார். ஆறு பெரிய தொகுதிகளாக அது வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பகுதிநேரமாகப் படிக்கிறேன், காலம் இழுபடுகிறது என்று மனம் சோரும்போதெல்லாம் அந்த ஆறு தொகுதிகளையும் நூலகத் தட்டில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவை வெளிவந்த ஆண்டு 1981. அதே 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுக் குறிப்புகளும் என் கொப்பியின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதைப்பற்றி நான் மேலும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

சென் மேரி மடம் 1536இல் பெருந்தொகைப் பணம் கட்டித் தப்பியது. மூன்று வருடம்தான். 1539இல் அதுவும் சரணடைந்தது. துறவியருக்கு ஓய்வூதியம் எழுதப்பட்டது. ஆண் துறவிகளில் பலர் பங்குக் குருமாராகப் போய்ப் பிழைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு அந்த வழி இல்லை. கலியாணம் செய்யவும் முடியாது. அதே 1539இல் வந்த ஆறு விதிகள் சட்டம் கன்னி விரதத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. மடத்தைக் கலைத்த அரசாங்கம் விரதத்தைக் கலைக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று பவுண் ஓய்வூதியம், அதுவும் நேரத்துக்கு வராது. பல பெண்களின் நிலைமை இதுதான்.

இந்த இடத்தில் என் சம்பளப் பிரிவு வேலை எனக்குக் கைகொடுத்தது. ஓய்வூதியப் பட்டியல் என்பது சம்பளப் பட்டியலேதான். ஒரு பெயர் பட்டியலிலிருந்து மறைந்தால் அந்த ஆள் இறந்துவிட்டார் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் அவசரப்படுவார்கள். சம்பளப் பிரிவில் இருந்தவளுக்குத் தெரியும், பெயர் மறைவதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்று. வேறு கிளைக்கு மாறியிருக்கலாம். பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம். காசு தேவைப்பட்டு ஓய்வூதிய உரிமையையே இன்னொருவருக்கு விற்றிருக்கலாம். ரியூடர் காலத்தில் அப்படியும் விற்றார்கள். 1552இல் அரசாங்கம் ஆணையாளர்களை அனுப்பி, யார் உயிரோடிருக்கிறார்கள், யாருக்கு நிலுவை, யார் விற்றுவிட்டார்கள் என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. 1556இல் கர்தினால் போல் காலத்தில் எடுத்த பட்டியலில், கலைந்து பதினாறு பதினேழு வருடத்துக்குப் பிறகும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த பெண்களின் பெயர்கள் உள்ளன. அங்கே ஒரு பழகிய பெயரைக் கண்டால், நீண்டகாலம் காணாத வகுப்புத் தோழியை வெள்ளவத்தையில் கண்ட சந்தோசம்.

அடுத்த மூலம் மரண சாசனங்கள். அந்தக் காலச் சட்டப்படி மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் சாசனம் எழுத முடியாது. காணியை எழுதவே முடியாது. இதைக் கேட்ட ஆங்கில மாணவர்கள் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட எங்கள் தேசவழமையின் கீழ், இன்றும் ஒரு பெண் தன் சீதனக் காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் எனக்கு அடுத்த கேள்வி உடனே வந்தது. அப்படியானால் சாசனம் எழுதியவர்கள் யார்? விதவைகளும் மணமாகாதவர்களும். மடத்தை இழந்த பெண்கள் மணமாகாதவர்கள். ஆகவே அவர்களின் சொந்தக் குரல் சாசனங்களில் கிடைக்கிறது. பித்தளைப் பானை, மெத்தை, போர்வை, ஒரு கவுண் என்று தமது சொற்ப பொருட்களைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். யாருக்கு? பல இடங்களில், ஒருகாலத்தில் தம்மோடு மடத்தில் இருந்த சகோதரிகளுக்கு.

ரீச்சரிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். வின்செஸ்ரரில் எலிசபெத் ஷெல்லியும் சில துறவியரும் அதே நகரத்தில் கூடவே வாழ்ந்தார்கள். அவர் 1547இல் இறந்தார். தன்னிடமிருந்த ஒரு வெள்ளிக் கிண்ணத்தை, பூசைக்குரியது, வின்செஸ்ரர் கல்லூரிக்குக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. சென் மேரி மடம் என்றாவது மீண்டும் எழுந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மடம் மீண்டும் எழவேயில்லை. ஆனால் எட்டு வருடம் கழித்தும் அவர் மனதில் அது மூடப்படவில்லை. ஊருக்குத் திரும்புவோம் என்று வீட்டுத் திறப்பை நெடுங்காலம் கைப்பைக்குள் வைத்திருந்த எங்கள் தாய்மாரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி, பகுதிநேரமாக ஆய்வு செய்ய விரும்பும் தங்கைமாருக்குச் சில நடைமுறை விஷயங்கள். செயலாளர் இதைத்தான் முக்கியமாகக் கேட்டார்.

முதலாவது, கேள்வி சிறிதாக இருக்க வேண்டும். நான் முதலில் கொண்டுபோன தலைப்பு "ரியூடர் இங்கிலாந்தில் பெண்கள்". என் மேற்பார்வையாளர் சிரிக்காமல் கேட்டார், "எந்தப் பெண்கள், எந்த ஊர், எந்தப் பத்து வருடம்?" என்று. அந்த மூன்று கேள்விக்கும் விடை எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். உங்கள் கேள்வியில் அக்கறையுள்ள ஒரு மேற்பார்வையாளர் அங்கே இருக்கிறாரா என்று பார்த்து, முதலில் அவருக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, எழுத்து. அந்தக் காலத்துக் கையெழுத்தை செக்ரட்டரி ஹாண்ட் என்பார்கள். முதல் நாள் பார்த்தபோது எறும்பு மை தொட்டு ஓடியது போலிருந்தது. அதன் 'ஈ' எழுத்து திரும்பி நிற்கும். 'சி'யும் 'ஆர்'உம் ஒன்றுபோல. எண்கள் உரோம எழுத்தில், கடைசி ஒன்றுக்கு வால் நீட்டி எழுதுவார்கள். எங்கள் ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இராது, குறில் நெடில் கொம்பு வேறுபாடு இராது, வாசிப்பவரே இடமறிந்து பிரிக்க வேண்டும் என்று தமிழ் ரீச்சர் சொன்னது அப்போதுதான் எனக்கு உதவியது. எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் சொல்லாகப் பார்க்கப் பழகவேண்டும். பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இதற்கு இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. தினமும் இரவு சமையல் முடிந்த பிறகு அரைமணித்தியாலம், பத்து வரி. ஒரு வருடத்தில் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். இலத்தீனும் கொஞ்சம் வேண்டும். அதற்கு மாலை வகுப்பு.

மூன்றாவது, திகதி. இதில் நான் விழுந்த கதையைச் சொல்கிறேன். ஒரு மடத்தின் குத்தகைப் பத்திரத்தில் 1538 பெப்ரவரி என்று இருந்தது. அந்த மடம் சரணடைந்தது 1539 கடைசியில். ஆக, ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு முன்னமே கொடுத்த சாதாரணக் குத்தகை என்று வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் முழுவதையும் எழுதினேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் பென்சிலால் "மார்ச் 25?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புதுவருடக் கணக்கு மார்ச் 25இல்தான் மாறும். அவர்களின் 1538 பெப்ரவரி, எங்கள் கணக்கில் 1539 பெப்ரவரி. எலிசபெத் மகாராணி இறந்த நாளைக்கூட அவர்கள் 1602இன் கடைசி நாள் என்றுதான் எழுதியிருப்பார்கள். நான் சாதாரணம் என்று எழுதிய குத்தகை, மடம் மூடப்படும் என்ற பயத்தில், சொத்தைத் தெரிந்தவர்கள் கையில் ஒப்படைப்பதற்காக அவசரமாகக் கொடுத்தது. பல மடங்கள் அப்படிச் செய்தன. அத்தியாயத்தை முழுவதும் திரும்ப எழுதினேன். நாலு மாதம் போயிற்று. பிழையைவிடத் திருத்தம்தான் நல்ல அத்தியாயமாக வந்தது.

நான்காவது, நேரம். வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். அதைவிடக் குறைந்தால் ஒவ்வொரு கிழமையும் முதல் நாளிலிருந்து தொடங்குவது போலிருக்கும். கியூவில் உள்ள ஆவணக்காப்பகம் சனிக்கிழமையும் திறந்திருக்கும். செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணி வரை. வாசகர் அட்டைக்குக் காசில்லை. பேனா, பை எல்லாம் லொக்கரில் விட்டுவிட்டு, பென்சிலோடும் கமராவோடும் உள்ளே போக வேண்டும். சொந்தக் கமராவில் படமெடுத்தால், சனிக்கிழமை பார்த்ததை அடுத்த ஆறு இரவும் வீட்டுச் சமையலறை மேசையில் வாசிக்கலாம். எட்டாம் ஹென்றி காலத்து அரச கடிதங்களின் சுருக்கங்கள் இருபத்தொரு பெருந்தொகுதிகளாக அச்சிடப்பட்டு, இப்போது இணையத்தில் எவரும் வாசிக்கும்படி உள்ளன. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டும் அதை வாசிக்கலாம்.

ஐந்தாவது, நிறுத்துவது. 2020 மார்ச்சில் ஆவணக்காப்பகம் மூடப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். பகலில் வேலை, இரவில் அம்மா. ஒரு நாள் விடியப்புறம் மூன்று மணிக்குப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், விலகிக்கொள்கிறேன் என்று. அனுப்பவில்லை. காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "ரண்டாந்தரமும் கொப்பியை மேசையிலை விட்டிட்டு வரப்போறியோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கொப்பிகளை அவர் அத்தனை வருடம் மறக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விலகல் கடிதத்தை இடைநிறுத்த விண்ணப்பமாக மாற்றினேன். இடைநிறுத்தம் வெட்கப்படும் விஷயமல்ல. பகுதிநேர மாணவருக்காகவே அந்தப் படிவம் இருக்கிறது. கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அம்மா நான் பட்டம் வாங்குவதைப் பார்க்கவில்லை. ஆனால் நான் திரும்பத் தொடங்கிவிட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் போனார்.

வாய்மொழிப் பரீட்சை இரண்டரை மணித்தியாலம் நடந்தது. வெளிப் பரீட்சகர் கடைசியில் கேட்டார், இந்தப் பெண்கள் மீது உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று. கல்விசார்ந்த பதில் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "ஓரிடம் மூடப்பட்ட பிறகு அங்கேயிருந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்கவேண்டும் அல்லவா" என்று சொன்னேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

இனி, பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் சரித்திரத்தை யார் எழுதுவது?

இந்த விழாவுக்காக எமது சங்கத்தின் முதற் செயற்குழுவின் பெயர்களைத் தேடியபோது என்ன நடந்தது என்று மலர்க்குழுவினருக்குத் தெரியும். எட்டுப் பெயர்கள் கிடைத்தன. அவற்றில் ஐந்து, திருமதி என்று போட்டுக் கணவரின் பெயர். அந்த ஐந்து பெண்களின் சொந்தப் பெயர் என்ன, எந்த ஆண்டு எமது கல்லூரியில் படித்தார்கள் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஆரம்பகாலச் சேர்விடாப்பு இடப்பெயர்வோடு போய்விட்டது. சம்பவத்திரட்டுப் புத்தகங்களில் சிலதான் மிச்சம். 1536இல் வின்செஸ்ரரில் படித்த 26 பிள்ளைகளின் பெயர்களை என்னால் சொல்ல முடிகிறது. 1926இல் எமது கல்லூரியில் படித்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல முடியவில்லை. தூரத்து நாட்டு மகாராணியைப் படித்து நான் கற்றுக்கொண்ட முதற் பாடம் இதுதான் பெரியம்மா: எழுதி வைத்தவர்களின் கதைதான் மிஞ்சுகிறது, எங்களுடையதை நாங்களே எழுதி வைக்கவேண்டும்.

1538இல் தோமஸ் குரொம்வெல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் பதியும்படி கட்டளையிட்டார். புதுவரி போடப்போகிறார்கள் என்று மக்கள் பயந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை சில வரிகள், அவ்வளவுதான். சில பங்குகளில் அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அந்த அளவு சிறிய வேலையைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் பழைய கல்லூரிச் சஞ்சிகை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல், வகுப்புப் படம், மாணவர் தேர்ச்சி அறிக்கை, விடுதியிலிருந்து எழுதிய கடிதம், ஓட்டோகிராப் எதுவானாலும் ஒரு படமெடுத்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள். வகுப்புப் படம் என்றால் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். கல்யாணத்துக்கு முந்திய பெயர், ஆண்டு, வகுப்பு. எழுபது வயது தாண்டிய அக்காமாரிடம் போய் உட்கார்ந்து, தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். யார் கற்பித்தார், யார் பக்கத்தில் இருந்தார், எந்த வருடம் யார் வராமல் போனார் என்று கேளுங்கள். கேட்கும்போது அவர்கள் முதலில், "அதிலை என்ன கிடக்கு, பிள்ளை" என்பார்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. எலிசபெத் ஷெல்லியும் பிள்ளையின் உடுப்பைப் பற்றி எழுதியபோது வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்.

நான் என் பங்குக்கு, இன்று மேடைக்கு வரும்போது ஒரு கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறேன். அம்மாவின் அந்தப் பையில் இருந்த அல்பத்தில் எமது கல்லூரி வகுப்புப் படம் ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் இருபத்தேழு பேரின் பெயர்களை அம்மா இறப்பதற்கு முன் எனக்குச் சொன்னார். அவற்றை வரிசையாக எழுதியிருக்கிறேன். ஐந்து இடம் வெறுமையாக இருக்கிறது. தேநீர் இடைவேளையில் கொப்பியும் படமும் வாசலில் உள்ள மேசையில் இருக்கும். மூத்த அக்காமார் யாராவது பார்த்து அந்த ஐந்து பெயர்களையும் சொன்னால், என் பட்டத்தைவிடப் பெரிய பரிசாக எடுத்துக்கொள்வேன்.

 பதினாலு பேர் பகிர்ந்த அந்த ஒற்றைப் புத்தகத்துக்கும், தேடிப் பாரும் என்று சொன்ன என் ரீச்சருக்கும், எங்களை ஆளாக்கிய கல்லூரி அன்னைக்கும் என் வணக்கம்.

– 1992 உயர்தரக் கலைப்பிரிவு மாணவி, இலண்டன்

(பின்குறிப்பு: அன்று மாலையே வெறுமையாயிருந்த ஐந்து இடங்களில் மூன்று நிரம்பின. மிகுதி இரண்டு பெயர்களைத் தெரிந்தவர்கள் மலர்க்குழுவுக்கு அறியத் தரவும். படம் அடுத்த பக்கத்தில்.)